உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது

மயக்கம் தெளிகிற பெண்கள் பேசுவதை முப்பத்து மூன்று வருடம் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். முதுகில் ஊசி போட்டவர்களுக்கு இடுப்புக்குக் கீழே உடம்பே இருக்காது. தன் தொடையைத் தானே தடவிப் பார்த்துவிட்டு, "இது யாரு காலு சிஸ்டர்?" என்று ஒருத்தி கேட்பாள். இன்னொருத்திக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிடும்; குடத்தை எடுத்து வைக்கச் சொல்லி என்னை விரட்டுவாள். திருப்பரங்குன்றத்திலிருந்து வந்த ஒரு பெண், பச்சைத் திரையைப் பார்த்து, "மயிலு உள்ள வந்துருச்சு, ஓட்டி விடுங்க" என்றாள். நானும் கையை வீசி ஓட்டிவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரல்கள் முற்பகல் வேளைகளில் வருகின்றன. சமையல் முடிந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால், எங்கோ ஒரு கதவு ஆடி ஆடி நிற்கிற சத்தம் கேட்கும். அரைத்தூக்கத்தில் எழுந்து கை கழுவப் போயிருக்கிறேன், முழங்கை வரைக்கும்.

செவிலியர் தின மலருக்கு எழுதித் தரச் சொல்லி மும்தாஜ் வீட்டுக்கு வந்தாள். நான் வேலை பார்த்த மருத்துவமனையில் இப்போது ஆபரேஷன் தியேட்டர் பொறுப்பில் இருப்பவள். "இப்பல்லாம் நாங்க எடுத்த கர்ப்பப்பைய ட்ரேயில வச்சுக் காட்டுறதில்லக்கா. ஆபரேஷன் வீடியோவ போன்லயே அனுப்பிடுறோம். ஆனா நீங்க துணி ரூம்ல வச்சுப் பேசுவீங்கல்ல, அதைப் புதுப் பிள்ளைகளுக்கு எழுதிக் குடுங்க. இதுகளுக்கு அந்தப் பேச்சே வாயில வர மாட்டேங்குது" என்றாள். நாலு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் பெருமையாக எழுதியிருப்பேன். இப்போது எழுதுவது வேறு மாதிரி இருக்கும் என்று அவளிடம் சொன்னேன். ஏன் என்று கடைசியில் தெரியும்.

படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று வருடம் விடுதிச் சாப்பாடு, வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி, உடற்கூறு வகுப்பில் சாயம் போன ஒரு படம். அந்தப் படத்தில் கர்ப்பப்பை, காது விரித்த யானை முகம் போல இருக்கும். அதற்குக் கீழே போகிற பாதையை டீச்சர் குச்சியால் தொடாமலே அடுத்த படத்துக்குப் போய்விடுவார். இருபத்திரண்டு வயதில் தியேட்டருக்குள் நுழைந்தேன். மிச்சத்தை எல்லாம் பெரிய டாக்டரம்மாவிடம் கற்றேன்.

அவர் குள்ளமானவர். சுழலும் முக்காலியை முழு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு, நோயாளியின் தூக்கிக் கட்டிய கால்களுக்கு நடுவே உட்காருவார். எங்கள் பக்கம் 'அடி இறங்கிருச்சு' என்பார்கள். கர்ப்பப்பை கீழே சரிந்து வெளியே எட்டிப் பார்ப்பது. தலையில் கூடை சுமந்தவர்கள், பிள்ளை பெற்ற பத்தாம் நாளே நாற்று நடப் போனவர்கள், இவர்களுக்குத்தான் அதிகம். வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகவே அதை எடுப்பதில் டாக்டரம்மாவுக்கு நிகர் இல்லை. கர்ப்பப்பை வாயைக் கொக்கியால் பிடித்து, சுற்றி வட்டமாக வெட்டி, சிறுநீர்ப்பையை விரலாலேயே மேலே ஒதுக்குவார். இருபுறமும் தாங்கி நிற்கிற கயிறுகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கட்டி அறுப்பார். அந்த நேரம் யாரும் பேசக் கூடாது. கை நீளும், என்ன வேண்டும் என்று கேட்காமல் கொடுக்க வேண்டும். தவறானதைக் கொடுத்தால் திட்ட மாட்டார். அதை ட்ரேயில் திரும்ப வைத்துவிட்டு, கையை நீட்டியபடியே காத்திருப்பார். திட்டியிருந்தால் தேவலை.

கர்ப்பப்பை வந்த பிறகு பாதையின் மேல்முனையை மூடித் தைப்பார். அறுத்த கயிறுகளின் நுனிகளை அந்தத் தையலோடு சேர்த்துக் கட்டுவார், பின்னால் அதுவும் சரிந்துவிடாமல் இருக்க. பிறகு முன்சுவர், பின்சுவர். தளர்ந்து தொங்குகிற தோலை மற்ற டாக்டர்கள் தாராளமாக வெட்டி எறிவார்கள். இவர் நகத்தளவு வெட்டுவார். "லூசா இருக்குன்னு வெட்டிப் போட்டா, அப்புறம் இவ காலம் பூரா வலியில கிடப்பா" என்பார் முகமூடிக்குள்ளிருந்து.

எல்லாம் முடிந்து கடைசித் தையலுக்கு முன்னால் வலக்கையை என் பக்கம் நீட்டுவார். நான் கையுறை மேல் சலைன் ஊற்றுவேன். இரண்டு விரலை உள்ளே விட்டு, மெதுவாக விரித்து, கண்ணை மூடிக்கொள்வார். இருட்டில் எதையோ தேடுகிறவர் மாதிரி இருக்கும். பாதை எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், எங்கே இறுக்கம் என்று விரல் பார்க்கும். இரண்டு விரல் தாராளமாகப் போகாவிட்டால், அரை மணி நேரம் போட்ட தையலைப் பிரித்துவிட்டு மறுபடி போடுவார். ஒரு தடவை மயக்க டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து, "போதும் மேடம், இந்த வயசுல இவங்களுக்கு என்ன தேவை?" என்றார். நோயாளிக்கு வயது நாற்பத்தைந்து. டாக்டரம்மா தலையைத் திருப்பாமல், "உங்க வயசு என்ன டாக்டர்?" என்று கேட்டார்.

இத்தனையும் அவர் கைக்குத் தெரியும். கையுறையைக் கழற்றி வெளியே வந்ததும் வாய் பூட்டிக்கொள்ளும். டிஸ்சார்ஜ் அன்று எல்லோருக்கும் ஒரே பாட்டு: மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, தனியாகப் படுக்க வேண்டும். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் உடம்பில் எது போனது, எது இருக்கிறது, மூன்று மாதம் கழித்து என்ன செய்யலாம் என்று நாங்கள் யாருமே வாய் திறந்ததில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் தவறாமல் செய்தோம். எடுத்ததைக் காட்டினோம்.

கர்ப்பப்பையை எடுத்தோமா, இல்லை வேறு எதையாவது எடுத்தோமா என்று சந்தேகப்பட்டுச் சண்டை போட்டவர்கள் முன்பு உண்டாம். அதனால் வந்த வழக்கம். எடுத்ததைச் சிறுநீரக வடிவ ட்ரேயில் வைத்து, பச்சைத் துணி மூடி, தியேட்டர் வாசலுக்குக் கொண்டுபோய், நோயாளியோடு வந்தவரைக் கூப்பிட்டுத் துணியை விலக்க வேண்டும். பெரும்பாலும் புருசன்தான் வருவார். 'பார்த்தேன்' என்று நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். அது என் வேலை. எத்தனையோ ஆண்கள் முன்னால் அந்தத் துணியை விலக்கியிருக்கிறேன். சிலர் கும்பிடுவார்கள். சிலர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்பார்கள்.

பரவை மார்க்கெட்டில் தக்காளி விற்கிற பேச்சியம்மாளுக்கு நாற்பத்தொரு வயதில் அடி இறங்கியது. புருசன் முத்துக்கருப்பன், அதே மார்க்கெட்டில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர். வார்டே அவர்கள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும். "எந்திரிச்சு வந்ததும் எனக்கு முதல்ல ஒரு டீ வேணும்யா" என்று சொல்லிவிட்டுத்தான் தள்ளுவண்டியில் ஏறினாள். "உனக்கு டீ, எனக்கு யாரு தருவா?" என்றார் அவர். "அந்தா நிக்கிறாகள்ல சிஸ்டரு, கேளு, ஊசியா தருவாக."

அவளுடையது பெரிய கர்ப்பப்பை. நான் துணியை விலக்கியதும் முத்துக்கருப்பன் முகம் வெளுத்துவிட்டது. நூறு கிலோ மூட்டையைத் தூக்குகிறவர், சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள என்ன மிச்சம் இருக்கு சிஸ்டரு?"

"அவங்க நல்லா இருக்காங்க. பயப்படாதீங்க" என்று நோட்டை நீட்டினேன். உள்ளே அடுத்த நோயாளியை ஏற்றியிருந்தார்கள். அவர் கேட்டது ஒரு கேள்வி என்பதே எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஒரு விடுமுறை நாள் காலையில் காய்கறி வாங்கப் பரவைக்குப் போயிருந்தேன். தக்காளிக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"யக்கா! சிஸ்டரக்கா! இங்கிட்டு வாங்க."

பேச்சி. கூடையைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்கார வைத்தாள். பூ வைத்திருந்தாள், உடம்பு தேறியிருந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"எனக்கென்னக்கா, நின்னா உக்காந்தா ஒரு தொந்தரவு இல்ல. கையெடுத்துக் கும்பிடணும் டாக்டரம்மாவ." தராசைத் தட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேக்கவா? தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளு."

"அந்தா நிக்கிது பாருங்க, சிலை மாதிரி. ரெண்டு வருசமா எம்பக்கம் திரும்பலக்கா. வாசல்ல கட்டிலப் போட்டுப் படுத்துக்கிருது. நீங்க மூணு மாசம் சொன்னீங்க. அதுவும் ஆச்சு, அதுக்கு மேல எம்புட்டோ மாசமும் ஆச்சு."

பக்கத்தில் பச்சை மிளகாய் விற்கிறவள் இதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவுகளுக்கு ஆரப்பாளையத்துப் பக்கம் ஆளு இருக்கும்டி. பஸ்ஸ்டாண்டு கிட்டன்னா போக வர வசதி" என்றாள்.

"நீ மிளகாய அளந்து போடு" என்று அவள் வாயை அடைத்துவிட்டு, பேச்சி என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. "ஆளு இருந்தாக்கூட எனக்கு வெளங்கிருக்கும்க்கா. ஏசுவேன், முடியப் பிடிச்சு இழுப்பேன். அதெல்லாம் இல்ல. சம்பாத்தியத்தக் கையில குடுக்குது. தலைவலின்னா தைலம் தேச்சு விடுது. தொடத்தான் மாட்டேங்குது. நீங்க எடுத்துக் காட்டுனீங்கள்ல, அதப் பாத்து அருவருப்பாகிப் போச்சு போல. நான் இப்ப வெத்துப் பானைதான?"

லாரிக்குப் பக்கத்தில் முத்துக்கருப்பன் மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டிருந்தார். வெயிலில் வெங்காயச் சருகு அவரைச் சுற்றிப் பறந்தது. எனக்கு அந்த இடமே கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் பார்ப்பது போலத் தெரிந்தது. துணியை விலக்கிய என் கையும், அவர் சுவரைப் பிடித்ததும், அந்தக் கேள்வியும் அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தன.

அந்த வாரமே இருவரையும் வரச் சொன்னேன். டாக்டரம்மா பேச்சியைப் பரிசோதித்துவிட்டு, "தையலெல்லாம் அருமையா ஆறியிருக்கு. நீளம், அகலம் ரெண்டும் நல்லா இருக்கு" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பேச்சியிடம், "ஒண்ணுமில்லம்மா, போயிட்டு வா" என்றார். நான் அவர்களை வெளியே அனுப்பவில்லை. தியேட்டர் துணிகள் அடுக்கி வைக்கிற அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க. நான் பதில் சொல்லல" என்றேன்.

முத்துக்கருப்பன் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே நின்றார். பிறகு தரையைப் பார்த்துப் பேசினார். "நான் பாத்தேன்ல சிஸ்டரு. அம்புட்டுப் பெரிசா ஒண்ண எடுத்துட்டா உள்ள பொத்தலாத்தான கெடக்கும்? நான் மூட்டை தூக்குற ஆளு. எம் பாரம் பட்டு, உள்ள கிழிஞ்சு, குடலு கிடலு எறங்கிருச்சுன்னா? எம் பொண்டாட்டிய நானே கொன்ன மாதிரி ஆகிராதா?"

பேச்சி வாயைத் திறந்தபடி அவரையே பார்த்தாள். "இத எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானயா?"

"என்னன்னு சொல்லச் சொல்ற?"

நான் ஒரு கையுறையை எடுத்து, அதன் நடுவிரல் நுனியை வெட்டினேன். "இந்த விரல்தான் பாதை. இந்த நுனியிலதான் கர்ப்பப்பை இருந்துச்சு. அதை எடுத்துட்டோம். எடுத்துட்டுத் தொறந்தா போடுவோம்?" ஊசி நூலால் அந்த நுனியை அவர்கள் கண் முன்னே தைத்து மூடினேன். "இப்பப் பாருங்க. விரல உள்ள விடுங்கண்ணே."

அவர் பேச்சியைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் தடித்த ஆள்காட்டி விரலை மெதுவாக உள்ளே விட்டார்.

"முட்டுது."

"அதான் தையல் போட்ட இடம். ரெண்டு மூணு மாசத்துல நல்லா ஒட்டி இறுகிரும். அதுக்கு மேல இருந்த இடத்துல குடல் தானா வந்து உக்காந்துக்கிரும். பொத்தல் எதுவும் இல்ல. உங்க பாரத்துக்கு ஒண்ணும் கிழியாது." அடுத்ததைச் சொல்வதற்கு முன்னால் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். சொல்லிவிட்டேன். "முட்டைப்பை ரெண்டும் உள்ளயே இருக்கு. ஈரமும் ஆசையும் குறையாம இருக்க அது உதவும். பொம்பளைக்குச் சுகம் தர்ற இடம் வெளிய, முன்னால இருக்கு. அந்தப் பக்கம் நாங்க கத்தியே வைக்கல. பைய ஆரம்பிங்க. வலிச்சா நிறுத்துங்க. வலி நிக்கலன்னா எங்கிட்ட வாங்க."

அறையில் வெளுத்த துணிகளின் வாசனை. சன்னல் கம்பி வழியாக வந்த வெளிச்சம் அந்த மடிப்புகள் மேல் நகர்ந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கே சொல்லிருந்தா ரெண்டு வருசம் கொசுக்கடி வாங்கிருக்க மாட்டேனே" என்றார் முத்துக்கருப்பன்.

"உன்னையக் கொசுதான் கடிச்சது" என்றாள் பேச்சி. அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான் துணிகளை எண்ணுகிறவள் போலத் திரும்பி நின்றேன்.

அதற்குப் பிறகு டிஸ்சார்ஜ் ஆகிற நாளன்று ஒவ்வொருத்தியையும் அந்த அறைக்குக் கூட்டிப்போனேன். புருசன் இருந்தால் அவரையும். எல்லோருக்கும் பேச்சிக்கு ஆனது போல ஆகவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். ரத்தப்போக்கும் கர்ப்ப பயமும் போனதில் வாழ்க்கையே புதிதாகிவிட்டது என்றவர்கள் நிறைய. "முந்தி அடிவயித்துல ஒரு துடிப்பு வரும் சிஸ்டர், இப்ப அது வரல" என்று ஒருத்தி சொன்னாள். கர்ப்பப்பை சுருங்குவதைச் சிலர் அப்படி உணர்வார்கள், அது போனது போனதுதான் என்று அவளிடம் பொய் சொல்லாமல் சொன்னேன். வேறு இடத்தில் இறுக்கித் தைத்துக்கொண்டு வந்தவர்கள் வலியில் துடித்தார்கள். சிலருக்குத் தையல் தழும்பைத் திரும்ப இளக்க வேண்டியிருந்தது. முட்டைப்பைகளையும் சேர்த்து எடுத்தவர்கள் பாடுதான் பெரிய பாடு. நாற்பது வயதுக்குள் ஒரே நாளில் மாதவிடாய் முடிவுக்குள் தள்ளப்பட்டவர்கள். உடம்பு தீயாகும், பாதை காய்ந்துவிடும், தொட்டால் எரியும். அவர்களை மட்டும் மறுபடி டாக்டரம்மாவிடம் அனுப்பி மருந்து எழுத வைப்பேன்.

ஒரு நாள் டாக்டரம்மா கூப்பிட்டார். "துணி ரூம்ல என்ன கடை போட்டிருக்கீங்க?" என்றார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். "எனக்கு அதெல்லாம் தமிழ்ல பேச வராதும்மா. நீங்க பேசுங்க" என்றார். மறுநாள் முதல் டிஸ்சார்ஜ் தாளின் மூலையில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு இருக்கும். என்னிடம் போய்விட்டுப் போ என்று அர்த்தம்.

மும்தாஜ் எழுதச் சொன்னது இதுவரைக்கும்தான்.

என் மகள் கவிதாவுக்கு முப்பத்தெட்டு வயது. திருப்பரங்குன்றத்தில் குடியிருக்கிறாள், பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாகப் பெரும் ரத்தப்போக்கு. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்து, கடைசியில் கர்ப்பப்பையை எடுப்பது என்று ஆனது. வேறொரு மருத்துவமனை, வேறொரு டாக்டர். படத்தைக் காட்டி விளக்கினார். "இடது பக்க முட்டைப்பையில சின்ன நீர்க்கட்டி இருக்கு, பயப்பட வேண்டியதில்ல. வலது பக்கம் நல்லா இருக்கு. இந்த வயசுல ரெண்டையும் விட்டுவைக்கத்தான் பாப்போம். நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

கேள்வி கவிதாவிடம் கேட்கப்பட்டது. நான் பதில் சொன்னேன்.

"ரெண்டையும் எடுத்துருங்க டாக்டர். பின்னால தொந்தரவு வேணாம்."

முட்டைப்பையை விட்டுவைத்த ஒரு பெண், சில வருடம் கழித்து வயிறு நிறைய நீரோடு எங்களிடம் திரும்பி வந்தாள். புற்றுநோய். அவள் முகம் அந்த நிமிடத்தில் என் மகளின் முகத்துக்கு மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. நூற்றுக்கணக்கான பெண்களுக்கு அது எவ்வளவு அபூர்வம் என்று எடுத்துச் சொன்னவள் நான். பெற்றவளுக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. டாக்டர் மறுபடி எச்சரிக்கை சொல்ல ஆரம்பித்தார். நான் முப்பத்து மூன்று வருடம் தியேட்டர் சிஸ்டராக இருந்தவள் என்றதும் நிறுத்திக்கொண்டார். கவிதா என்னைப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

ஆறு வாரம் என் வீட்டில் இருந்தாள். பத்தியம், வெந்நீர், நடை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அந்தப் பேச்சை மட்டும் பேசவில்லை. ஊருக்கெல்லாம் சொன்ன வாய், மகள் முன்னால் வரவில்லை. காலை பதினொரு மணிக்கு அவள் முகம் சிவந்து, கழுத்து நனைந்து, வெறும் தரையில் போய்ப் படுப்பாள். நான் ஈரத்துணி கொடுப்பேன். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். "வெயில் ஜாஸ்தி" என்பேன்.

தன் வீட்டுக்குப் போனவள் மூன்றாம் மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் தனியாக என்னிடம் வந்தாள். மாப்பிள்ளை வரவில்லையா என்றால், வேலையாம். ஒரு தடவை, "கொஞ்ச நாள் இங்கயே இருந்துக்கிறேம்மா" என்றாள். ஆனால் சாயங்காலமே கிளம்பிப் போய்விட்டாள். வாசலில் கட்டில் போட்டுப் படுத்தவர் கதை மார்க்கெட்டில் கேட்கும்போது எனக்கு இன்னொருத்தர் கதையாக இருந்தது.

மறுநாள் நானே திருப்பரங்குன்றம் போனேன். மாப்பிள்ளை அலுவலகம் போயிருந்தார். பள்ளிக்கு விடுமுறை; கவிதா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளை வெயில். மலை கண்ணெதிரே ஆவியில் அசைவது போல இருந்தது. ஒரு போர்வையின் இரு முனைகளைப் பிடித்து உதறும்போது கேட்டேன்.

"உங்களுக்குள்ள எப்படி இருக்கும்மா?"

நான் எதைக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்தது. போர்வையைக் கொடியில் போட்டாள். அதற்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே பேசினாள். "எரியுதும்மா. மிளகாயத் தேச்ச மாதிரி. ரெண்டு தடவை நான் அழுதுட்டேன். அவரு பயந்துட்டாரு. இப்ப ஹால்ல படுக்கிறாரு. எனக்கும் ஆசையே இல்ல, அதுதான் பயமா இருக்கு. நான்தானா இது, வேற யாராச்சுமான்னு தோணுது."

"அது முட்டைப்பை எடுத்ததால. மருந்து இருக்கு. தடவுறதுக்குக் களிம்பு இருக்கு, மாத்திரை இருக்கு. உன் வயசுக்கு அது எலும்புக்கும் வேணும். ஆறாவது வாரமே ஆரம்பிச்சிருக்கணும்."

போர்வை அசையவில்லை. "உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, எடுக்கச் சொன்னவ நான்தான்னு வந்துரும்ல."

"அது எனக்குத் தெரியாதாம்மா? நானும் அங்கதான உக்காந்திருந்தேன்." அவள் சிரிக்க முயன்றாள். "ஊர்ல உள்ள பொம்பளைகளுக்கெல்லாம் சொல்லிக் குடுத்த. என்னைய ஒரு வார்த்தை கேக்கல."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லிருப்பியா?"

அவள் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு சொன்னாள். "தெரியலம்மா. சரின்னுகூடச் சொல்லிருப்பேன். ஆனா யோசிக்க ஒரு நாள் கெடைச்சிருக்கும்."

மும்தாஜ், உன் புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். துணி அறையில் நான் பேசியதெல்லாம் வெட்டித் தைத்த பிறகு பேசியது. கத்தி வைப்பதற்கு முன்னால் ஒருத்தியையும் உட்காரவைத்து, எதை வைத்துக்கொள்ள விரும்புகிறாய், எது போனால் உனக்கு என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டதில்லை. அப்படிக் கேட்கும்போது பக்கத்தில் புருசனோ மாமியாரோ பெற்ற தாயோ முந்திக்கொண்டு பதில் சொன்னால், அவர்களை வெளியே அனுப்புங்கள். அந்தத் தாய் மருத்துவமனையில் வேலை பார்த்தவளாக இருந்தால் முதலில் அனுப்புங்கள்.

போன வாரம் ஒரு பெண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தோம். மாப்பிள்ளை விடுப்பு எடுத்து வந்திருந்தார். பெயரைக் கூப்பிட்டதும் மூவரும் எழுந்தோம்.

"நீ இரும்மா" என்றாள் கவிதா. "நாங்க ரெண்டு பேரும் போறோம்."

கதவு சாத்திக்கொண்டது. அதன் மேல்பாதி மங்கலான கண்ணாடி. உள்ளே மூன்று நிழல்கள். நடுவில் இருந்த நிழல்தான் பேசியது. கையை ஆட்டி ஆட்டிப் பேசியது. வகுப்பில் அப்படித்தான் பேசுவாள் போல. குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. ஒரு தடவை மாப்பிள்ளை ஏதோ கேட்டார். அதற்கு டாக்டர் சிரித்தார், பிறகு கவிதாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. என்ன கேட்டார் என்று தெரிந்துகொள்ள உடம்பெல்லாம் துடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

வெகு நேரம் கழித்து வெளியே வந்தார்கள். மாப்பிள்ளை கையில் மருந்துச் சீட்டு இருந்தது. முப்பத்து மூன்று வருடம் எந்தச் சீட்டும் என் கையைத் தாண்டிப் போனதில்லை. என் கை தானாக நீண்டது. மாப்பிள்ளை தயங்கிக் கவிதாவைப் பார்த்தார். அவள் அவரிடமிருந்து அதை வாங்கி, நாலாக மடித்து, தன் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

"வாம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

நான் கையை எடுத்துக்கொண்டேன். என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை கேட்கவில்லை.